ஏழரை என்றோர் எண்

எனது பதிவேட்டில் எழுபது பக்கங்கள். ஒரு பக்கத்துக்கு எழுபத்திரண்டு வீச்சு. இரண்டு பகடைகளை ஒன்றாக எறிந்தால் முப்பத்தாறு விதமாக விழலாம். எழுபத்திரண்டு அதன் இரு மடங்கு. எழுபது பக்கமும் நிரம்பிய பிறகு கசினோவில் கிராப்ஸ் என்ற பகடை ஆட்டத்தின் மேசையில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே நின்று, என் கையால் ஒருமுறை எறிவது என்று தீர்மானித்திருந்தேன். கடைசிப் பக்கம் ஒரு சனிக்கிழமை மாலை நிரம்பியது. மறுநாள் கசினோ வாசலில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

நான் ஜேர்மனியின் ஹம் நகரில் பிறந்து வளர்ந்தவள். நகரத்துக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் அளவீட்டுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் பொருள்களை அளக்கிறார்கள். அவர்களுடைய கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று நான் பார்க்கிறேன். அறை எப்போதும் இருபது பாகை வெப்பத்தில் இருக்கும். வெளிச்சத்தம் வராதபடி இரட்டைக் கதவு. சில நாட்களில் காலை வணக்கம் தவிர வேறொன்றும் பேசாமலே வீடு திரும்புவேன். அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

எங்கள் கூடத்தில் ஒருவர் ஓய்வுபெற்றார். அவருடைய விருப்பப்படி ஒரு ஞாயிறு பின்னேரம் நாங்கள் ஆறுபேர் ரயிலில் ஒரு மணிநேரத் தூரத்திலிருந்த கசினோவுக்குப் போனோம். சக்கரம் சுழலும் ரூலெட் மேசைகளைச் சுற்றி ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றார்கள். மூலையில் ஒரேயொரு மேசையில் சத்தம். குளியல்தொட்டி போல உயர்ந்த விளிம்பு கொண்ட நீளமான மேசை. ஜேர்மனியில் கிராப்ஸ் மேசை அருமை என்பதும், அங்கேயும் ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் திறப்பார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. கம்பளிச் சட்டை போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையில் பகடைகளோடு நின்றார். சுற்றி ஒரு பன்னிரண்டு பேர். அவர் கையை உயர்த்தியதும் பன்னிரண்டு பேரும் மூச்சை அடக்கினார்கள். பகடைகள் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி விழுந்ததும் பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் அவருடைய முழங்கையைத் தொட்டு நன்றி சொன்னார். அவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள்கூட அல்ல.

ஒருவரின் கைக்காக இத்தனை பேர் காத்திருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த இடத்தில் நானும் ஒருநாள் நிற்கவேண்டும் என்று தோன்றியது. வேறு எதையும் நான் அப்படி விரும்பியதில்லை.

விளையாட்டு இதுதான். முதல் வீச்சில் ஏழு அல்லது பதினொன்று விழுந்தால் வெற்றி. இரண்டு, மூன்று, பன்னிரண்டு விழுந்தால் தோல்வி. வேறு எண் விழுந்தால் அந்த எண் மேசையில் நிற்கும். அது திரும்ப வரும்வரை எறிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குள் ஏழு விழுந்தால் எல்லாம் முடிந்தது. முதல் வீச்சில் நல்லதாக இருந்த அதே ஏழு, இரண்டாம் வீச்சிலிருந்து கெட்டதாகிவிடும்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியவை நான்கு. மேசையிலுள்ள முப்பதுக்கு மேற்பட்ட பந்தயங்களில் இரண்டை மட்டும் கற்பது, மற்றவற்றைத் தொடாமலிருப்பது. இரண்டு பகடைகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரே உயரத்தில், ஒரே விசையில் எறியப் பழகுவது. மற்றவர்கள் பார்க்கும்போது கை நடுங்காமலிருப்பது. மூன்று முறை எறிந்ததும், வென்றாலும் தோற்றாலும், மேசையை விட்டு விலகுவது.

பகடை எறிவதைப் பழகினால் ஏழு குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. ஆனால் நம்பாததையும் அளந்து பார்க்கவேண்டும். கசினோவில் பாவிக்கும் வகையான, கூர்விளிம்புள்ள சிவப்புப் பகடைகள் இரண்டை வாங்கினேன். மதிய இடைவேளையில் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு அவற்றை அளந்தேன். பிழையில்லாத பகடைகள். சமையலறை மேசையில் கம்பளத் துணி விரித்து, ஒரு முனையில் பலகை நிறுத்தி, அதில் முட்டைப்பெட்டி போல மேடுபள்ளமான நுரைத்தாளை ஒட்டினேன். பகடை அதில் பட்டுத்தான் திரும்பவேண்டும்.

எறிபவளே எண்ணையும் பார்த்து எழுதினால் கையின் ஒழுங்கு குலைந்துவிடும். கூப்பிட்டுச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அக்கா வந்தார்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. எனது வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் அத்தானோடும் இரண்டு பிள்ளைகளோடும் அம்மாவோடும் இருக்கிறார். வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, எனது சமையலறையில் எதிர்க்கதிரையில் உட்காருவார். கசினோவில் பகடைகளை இழுத்துக் கொடுப்பவரின் கையில் ஒரு வளைந்த தடி இருக்கும் என்று சொன்னேன். அடுத்த நாள் அவர் தனது வீட்டு அகப்பையோடு வந்தார். அகப்பையால் பகடைகளை என் பக்கம் தள்ளிவிட்டு, "எறி பிள்ளை, கை உளையுது" என்பார்.

"உங்களுக்கு என்ன கை உளைவு? எறியிறது நான்."

"அகப்பை பிடிக்கிறவளுக்குத்தான் தெரியும்."

கசினோவில் ஞாயிறுதோறும் பின்னேரம் மூன்று மணிக்கு, புதியவர்களுக்கு ஒரு மணிநேரம் பயிற்சி நடக்கும். பணப் பெறுமதி இல்லாத வில்லைகளை வைத்து விளையாடலாம். நான் அதற்குப் போகத் தொடங்கினேன். முதல் நாளே ஒன்றைக் கற்றேன். அந்த மேசையில் யாரும் ஏழு என்ற சொல்லைச் சொல்லமாட்டார்கள். தெரியாமல் சொன்ன ஓர் இளைஞனை ஆறு தலைகள் திரும்பிப் பார்த்தன. மேசைப் பணியாளர் சிரித்துக்கொண்டு, "இங்கே அதற்குப் பெயர் கிடையாது" என்றார்.

இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அப்ப ஏழரை எண்டு சொல்லுவம். அது ஏழு இல்லைத்தானே. ஆனா ஆருக்கும் விளங்கும், என்ன வந்திருக்குது எண்டு."

இருவரும் நெடுநேரம் சிரித்தோம். அன்றிலிருந்து முதல் வீச்சில் நல்ல ஏழு விழுந்தால் அக்கா பேசாமல் விரலால் காட்டுவார். ஆட்டத்தை முடிக்கும் கெட்ட ஏழு விழுந்தால் அகப்பையை மேசையில் தட்டி, "ஏழரை!" என்று கத்துவார். கீழே அம்மாவுக்குக் கேட்கும். நான் பதிவேட்டில் நல்லதை 7 என்றும் கெட்டதை 7½ என்றும் குறித்தேன். இரண்டையும் பிரித்துக் காட்ட எனக்கு ஒரு குறி தேவைப்பட்டது, அது கிடைத்தது.

இங்கே எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குப் பதினொரு வயதானபோதிருந்தே வீட்டுக்கு வரும் ஜேர்மன் கடிதங்களையெல்லாம் நான்தான் வாசிக்கிறேன். முதலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வந்தவை. அப்பா இறந்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்தவை. பிறகு அத்தானின் உறவுகள், கோயிலில் அறிமுகமானவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா வீட்டு மேசையில் கடித உறைகள் வந்து சேரும். அக்காவுக்கும் ஜேர்மன் நன்றாகத் தெரியும். வேலையிடத்தில் நாள் முழுக்க அதில்தான் கதைக்கிறார். ஆனால் விண்ணப்பப் படிவம் என்றால், "எனக்கு இந்த அன்ராக் விசயம் ஏலாது, நீயே பார்" என்று தள்ளிவிடுவார். நான் பார்த்தேன். ஒவ்வொரு படிவத்தையும் முதலில் பென்சிலால் நிரப்பி, சரிபார்த்து, பிறகு பேனையால் எழுதுவேன். இணைப்புத் தாள்கள் ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் ஒரு வட்டமிட்டு அதற்குள் இலக்கம் போடுவேன். அந்த வட்டம் எந்த அலுவலகமும் கேட்காதது. என்னுடைய பழக்கம்.

கசினோ பயிற்சிக்குப் போகத் தொடங்கியதும் படிவ வேலையை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றினேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே தபால்பெட்டி, அதன் பூட்டின் திறப்பு அக்காவிடம். வாரத்துக் கடிதங்களை அவர் வெள்ளிக்கிழமை மேலே கொண்டுவந்து எனது மேசைத் தட்டில் வைப்பார். எனக்கு வந்தவையும் அதற்குள் இருக்கும். வெள்ளிக்கிழமை சிலருக்கு வசதிப்படவில்லை என்று அக்கா ஒருமுறை சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

எழுபது பக்கம் முடிந்த மறுநாள் ஞாயிறு. ரயிலில் போகும்போது கைகளை மடியில் வைத்துப் பார்த்தேன். நடுங்கவில்லை. கசினோ வாசலில் ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையைக் கேட்பார்கள். விளையாடத் தடை செய்யப்பட்டவர்களின் நாடு தழுவிய பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கணினியில் பார்ப்பார்கள். இரண்டு வினாடி வேலை. அன்றைக்கு வரவேற்பு மேசையில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார்.

"மன்னிக்கவேண்டும். நீங்கள் உள்ளே போகமுடியாது. உங்களுக்குத் தடை இருக்கிறது."

வேறு யாருடைய பெயரோ என்றேன். பிறந்த தேதியைச் சொன்னார். நான்தான்.

"யார் போட்ட தடை?"

"உங்களைத் தெரிந்த வேறொருவர் விண்ணப்பித்திருக்கிறார். நெருங்கிய ஒருவருக்குச் சூதாட்டப் பழக்கம் இருக்கிறது என்று அறிந்தால் யாரும் விண்ணப்பிக்கலாம். பெயரை நாங்கள் சொல்லமுடியாது. உங்களிடம் விளக்கம் கேட்டு மூன்று கிழமைக்கு முன்பு கடிதம் அனுப்பினோமே. பதிலுக்கு இரண்டு கிழமை அவகாசம் தந்தோம். பதில் வரவில்லை. தடை விதித்த கடிதமும் அனுப்பியாயிற்று."

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. உள்ளே இருந்து அந்த மேசையின் சத்தம் கேட்டது. கடிதத்தின் பிரதியும் இணைப்புகளும் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் இரக்கத்தோடு அச்செடுத்துத் தந்தார். அந்த இரக்கம் பட்டியலில் இருப்பவர்களுக்கானது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ரயிலில் இருக்கை கிடைத்த பிறகுதான் வாசித்தேன். தகவல் தந்தவரின் பெயர் கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தது. என்னைப் பற்றி அவர் சொன்னவை ஐந்து. தினமும் மணிக்கணக்கில் பகடை எறிகிறார். சாப்பிடுவதில்லை. குடும்பத்தோடு கதைப்பதில்லை, தன் பொறுப்புகளைக் கைவிட்டுவிட்டார். இரண்டு பகடைகளில் வரவேமுடியாத ஓர் எண்ணைப் பதிவேட்டில் திரும்பத் திரும்ப எழுதுகிறார். எறியும்போது "ஏழரை" என்று உரக்கக் கத்துகிறார்.

இணைப்பில் எனது பதிவேட்டின் மூன்று பக்கங்கள், படம் பிடித்தவை. 7½ என்ற குறியை யாரோ அடிக்கோடிட்டிருந்தார்கள். ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இலக்கம்.

அந்த வட்டத்தைப் பார்த்து, ஒரு கணம், இதை நானேதான் நிரப்பி அனுப்பினேனோ என்று நினைத்தேன். பிறகு ஐந்தாவது வரியைத் திரும்ப வாசித்தேன். ஏழரை என்று நான் ஒருநாளும் கத்தியதில்லை. நான் எறிபவள். எறிபவள் பேசுவதில்லை. அந்தச் சொல்லைக் கத்தியவர் ஒரேயொருவர்; பதிவேட்டில் அதை நான் எப்படிக் குறிக்கிறேன் என்று பார்த்தவரும் அவர்தான்.

படத்தின் ஓரத்தில் எனது தேத்தண்ணிக் கோப்பை தெரிந்தது. பாதி குடித்த கோப்பை. நாற்பத்தோராம் பக்கம். அன்றைக்கு நிலவறைச் சலவை இயந்திரத்தில் உடுப்புத் தோய்ந்து முடிந்திருக்கும் என்று நான் கீழே போனேன். "போட்டு வா, நான் இருக்கிறன்" என்று சொன்னது அக்காதான்.

அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அத்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீச்சலுக்குப் போயிருந்தார். அம்மா அறைக்குள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வந்திட்டியே? இண்டைக்குக் கெதியா வந்திட்டாய்."

தாள்களை வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கையைத் துடைக்காமல் முதல் தாளின் மேல்வரியை மட்டும் பார்த்தார்.

"ஆர் தந்தது?"

"வாசல்லை தந்தவை. மூண்டு கிழமைக்கு முந்தி எனக்கு அனுப்பினவையாம்."

"நான் ஒண்டும் காணேல்லை."

"அக்கா, தபால்பெட்டித் திறப்பு உங்களிட்டைத்தானே இருக்கு."

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். தேவைக்கு மேல் நேரமெடுத்துக் கழுவினார். பிறகு அலுமாரி இழுப்பறையைத் திறந்து, பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகங்களுக்குக் கீழேயிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். இரண்டும் உடைக்கப்பட்டிருந்தன.

"உன்ரை நன்மைக்குத்தான் செய்தனான்."

நான் உறைகளின் தேதிகளைப் பார்த்தேன்.

"கோயிலிலை கேக்கினம். ஞாயிறுக்கு ஞாயிறு உன்ரை தங்கச்சி ரயிலேறி எங்கை போறவள் எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது? சூதாடப் போறாள் எண்டே?"

"எறியப் பழகப் போறாள் எண்டு சொல்லியிருக்கலாம்."

"ஓம், அது பெரிய வித்தியாசம்."

"நான் சாப்பிடுறேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். நேற்று உங்கடை இடியப்பத்திலை பன்னிரண்டு சாப்பிட்டனான்."

"பதினாலு," என்றார் அக்கா. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார்.

வேறொரு நாளில் அதற்கு இருவரும் சிரித்திருப்போம். நான் ஐந்தாவது வரியில் விரலை வைத்தேன்.

"இது ஆர் கத்தினது?"

அக்கா வெங்காயத் தோல்களை ஒன்றாகக் கூட்டினார்.

"ஏழரை உங்கடை சொல்லு. அது என்ன எண்டு நீங்கள் விளங்கப்படுத்தியிருந்தால், அவைக்கு விளங்கியிருக்கும். இப்ப அவை நினைக்கினம் எனக்கு எண்ணே தெரியாது, விசர் எண்டு."

"போர்முலாரிலை அதுக்கெல்லாம் இடமில்லை."

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பொய் சொல்வதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருந்திருக்காது.

"ஆர் உங்களுக்கு நிரப்பித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நானே." அவருடைய குரலில் ஒரு சிறு நிமிர்வு வந்தது. அதை அவரால் மறைக்கமுடியவில்லை. "நீ செய்யிற மாதிரித்தான். முதல்லை பென்சில், பிறகு பேனை. எல்லாத்துக்கும் நம்பர் போட்டனான். ஒண்டையும் திருப்பி அனுப்பேல்லை அவை."

அறைக்குள்ளிருந்து அம்மா, "என்ன, ரெண்டு பேரும் சண்டையோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா, கடிதம் பாக்கிறம்," என்றார் அக்கா. பிறகு தணிந்த குரலில் என்னிடம்: "சித்தப்பான்ரை பென்சன் அன்ராக் ரெண்டு மாசமாக் கிடக்கு. மச்சாளின்ரை வீட்டு வாடகை விசயம் கிடக்கு. எல்லாரும் என்னைத்தானே பிடிக்கினம். வெள்ளிக்கிழமை அவைக்கு ஏலாது. ஞாயிறு நீ இல்லை. நான் என்ன செய்ய?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீ நிப்பியே?"

அதற்கு எனக்குப் பதில் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் என்னிடம் கேட்கப்படவில்லை. தாள்களைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தேன்.

அன்று மாலை பதிவேட்டைத் திறந்து தேதிகளைப் பார்த்தேன். விளக்கம் கேட்ட கடிதம் வந்தபிறகு நாங்கள் பதினாலு தடவை அமர்ந்திருக்கிறோம். ஐம்பத்தேழாம் பக்கத்திலிருந்து எழுபதாம் பக்கம் வரை. பதினாலு மாலைகள் அக்கா எதிரே உட்கார்ந்து, அகப்பையால் பகடைகளைத் தள்ளிவிட்டு, எண் கூப்பிட்டிருக்கிறார். அப்போதெல்லாம் கடிதம் தடுப்பூசிப் புத்தகங்களுக்குக் கீழே இருந்திருக்கிறது. அறுபத்திரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் "நல்ல வீச்சு!" என்று அவருடைய கையெழுத்து. இருபத்தொரு முறை ஏழு விழாமல் எறிந்த நாள் அது. எழுந்து நின்று கைதட்டினார். விண்ணப்பத்தைக்கூட ஒருவாறு என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. அந்தக் கைதட்டலை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியவில்லை.

மொத்தக் கணக்கையும் அன்றைக்குத்தான் கூட்டினேன். ஐயாயிரத்து நாற்பது வீச்சு. எறிபவரின் கைக்கு எந்தச் சக்தியும் இல்லை என்றால் எண்ணூற்று நாற்பது ஏழுகள் விழவேண்டும். எனக்கு விழுந்தவை எண்ணூற்று முப்பத்தொன்று. அளவீட்டுக்காரியாகச் சொன்னால், வித்தியாசம் எதுவுமில்லை. இதை அந்த ஞாயிறு, மேசையில் எறிந்துவிட்டு வந்து, அக்காவுக்குச் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று வைத்திருந்தேன். ஐந்து மாதம் அகப்பை பிடித்தும் ஒரு ஏழரையைக்கூட உங்களால் விரட்ட முடியவில்லை என்று சொல்லவேண்டும் என்று.

ஏழு குறையவில்லை. ஆனால் எனது முதல் பக்கத்தின் நான்கும் கைக்கு வந்திருந்தன. கை நடுங்கவில்லை. இரண்டு பந்தயங்களுக்கு மேல் ஆசை போகவில்லை. பயிற்சி மேசையில் மூன்று முறை எறிந்ததும் ஒவ்வொரு முறையும் விலகியிருக்கிறேன். நான் கற்றதில் முக்கியமானது விலகுவதுதான். அதைக் கற்றவளைத்தான் விலகத் தெரியாதவள் என்று பட்டியலில் சேர்த்தார்கள்.

தடை குறைந்தது ஒரு வருடம். எதிர்த்து எழுதலாம். எழுதினேன். ஆறு பந்தி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம். ஆறாவது பந்தி, அந்தச் சொல்லைக் கத்தியவர் என் சகோதரி என்பது. பென்சிலால் எழுதி முடித்துவிட்டுப் பேனையைக் கையில் எடுத்தேன். நான் நோயாளி இல்லை என்று நிறுவவேண்டுமானால், அக்கா பொய்க்காரி என்று ஓர் அலுவலகத்துக்கு முன்னால் நிறுவவேண்டும். அவர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கீழ்வீட்டில் அம்மா இருக்கிறார். கடிதத்தை அனுப்பவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்கவேண்டாம். நான் அனுப்பமாட்டேன் என்பது அக்காவுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்ற எண்ணம் என்னை இன்னும் விடவில்லை.

வேறு சிலதைச் செய்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லித் தனித் தபால்பெட்டி போடுவித்தேன். இரண்டு திறப்பும் என்னிடம். எனது மேசைத் தட்டிலிருந்த மற்றவர்களின் கடிதங்களையெல்லாம் பிரித்து, கட்டி, அக்கா வீட்டு வாசலில் வைத்தேன். ஒவ்வொரு கட்டின் மேலும் கடைசித் தேதியை எழுதியிருந்தேன். சித்தப்பா தொலைபேசியில் கேட்டார். அக்கா நன்றாக நிரப்புவா, கேளுங்கோ என்றேன். அவர் நான் பகிடி விடுவதாக நினைத்தார்.

பகடை எறிவதை விடவில்லை. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, கசினோவில் பயிற்சி தொடங்கும் நேரத்தில், சமையலறையில் எறிகிறேன். எண்ணை நானே சொல்லி நானே எழுதுகிறேன். கையின் ஒழுங்கு குலையத்தான் செய்கிறது. கெட்ட ஏழு விழுந்தால் சொல்வதற்கு என்னிடம் சொல் இல்லை. ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எறிகிறேன்.

பதினொரு மாதம் கழித்து, போன ஞாயிறு, அக்கா கதவைத் தட்டினார். இடைப்பட்ட காலத்தில் நாங்கள் கதைக்காமல் இருக்கவில்லை. படிகளில் கண்டால் கதைப்போம். பிறந்தநாட்களுக்குக் கீழே போவேன். மேலே அவர் வரவில்லை. கையில் ஒரு படிவம்.

"மூத்தவளின்ரை பள்ளிக்கூடப் பயணத்துக்கு உதவி கேக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி. ஒருக்காப் பாத்துத் தாறியே?"

கதிரையைக் காட்டினேன். பென்சிலையும் பேனையையும் அவருக்கு முன்னால் வைத்தேன்.

"நீங்கள் எழுதுங்கோ அக்கா. நீங்கள் நல்லா எழுதுவீங்கள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். நான் மேசையின் மறுமுனையில் எறிந்துகொண்டிருந்தேன். முதல் வீச்சில் எட்டு. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு ஐந்து, ஒன்பது, நான்கு. அக்கா பென்சிலால் முடித்து, பேனையைத் திறந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இணைப்புத் தாளின் மூலையில் வட்டம் போட்டார். நான் திரும்ப எறிந்தேன். பகடைகள் நுரைத்தாளில் பட்டுத் திரும்பி, இரண்டும் ஐந்துமாக நின்றன.

"ஏழரை," என்றார் அக்கா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அகப்பை இல்லாத கை மேசையை ஒருமுறை தட்டியது.

எட்டு நின்றதை நான் சொல்லியிருக்கவில்லை. எழுதிக்கொண்டே ஒவ்வொரு வீச்சையும் கவனித்திருக்கிறார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கவேண்டும்.

அடுத்த மாதம் தடை ஒரு வருடம் முடிகிறது. தானாக நீங்காது; நீக்கச் சொல்லி நான்தான் விண்ணப்பிக்கவேண்டும். அந்தப் படிவம் எனது தட்டில் இருக்கிறது, பென்சிலால் நிரப்பியபடி. பேனையால் எழுதி அனுப்புவேன். மேசையில் நின்று மூன்று முறை எறிவேன். விலகி வருவேன். வந்து யாரிடமும் சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிறு நான் சிரிக்காமல் பகடைகளைப் பொறுக்கினேன். அந்த வீச்சைப் பதிவேட்டில் எழுதவில்லை.